கிளாக் யாருடையது, கெயின் யார் கையில்?

அன்புள்ள தம்பி,

ஆர்ச்வே ரோட்டு முருகன் கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் மைக் இல்லாமலே காதை நிறைப்பதைக் கேட்டு வளர்ந்தவன் நீ. இப்போது லண்டன் அரங்குகளில் சவுண்ட் வேலைக்குப் போகிறாய். அரங்கின் ஸ்டேஜ் பாக்ஸ் டான்டே, வாடகைக்கு வந்த மிக்சர் மேடி, இந்த இரு வேறு டிஜிட்டல் ஒலி முறைகளையும் எப்படி இணைப்பது என்று கேட்டிருந்தாய். இதே கேள்வி பலருக்கும் இருப்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

இணைக்கும் பெட்டி காசு கொடுத்தால் கிடைக்கும். அது ஒலியைக் கடத்தும், அவ்வளவுதான். மற்றதை ஆட்கள்தான் பேசி முடிக்க வேண்டும்.

முதலில் கிளாக். இரண்டு பக்கமும் 48 கிலோஹெர்ட்ஸ் என்றே காட்டும். ஆனால் தனித்தனிக் கிளாக்கில் ஓடினால், பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசமே போதும். ஏறத்தாழ 21 நொடிக்கு ஒரு சாம்பிள் தவறி 'டிக்' என்று கேட்கும். தவில் சத்தத்தில் அது தெரியாது. அதனால் சவுண்ட்செக்கில் சுருதிப் பெட்டியை மட்டும் ஓடவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு சில நிமிடம் சும்மா கேள். டான்டே பக்கம் தலைமை என்று முடிவானால், இணைப்புப் பெட்டி அதைப் பின்பற்றட்டும். மிக்சரின் கிளாக்கை மேடி இன்புட்டுக்கு மாற்று. நிகழ்ச்சியை ஒளிபரப்ப வந்தவர் தன் கிளாக்கை விடமாட்டேன் என்றால் சண்டை போடாதே. நடுவில் சாம்பிள் ரேட் கன்வெர்ட்டர் வை. தாமதம் கொஞ்சம் கூடும், 'டிக்' போய்விடும்.

டான்டேயையும் ராவென்னா என்ற இன்னொரு நெட்வொர்க் ஒலி முறையையும் சேர்க்க, 2013-ல் வந்த ஏஇஎஸ்67 என்ற பொதுத் தரம் இருக்கிறதே என்பாய். இருக்கிறது, ஆனால் கேபிளைச் செருகியதும் தானாக ஓடிவிடாது. டான்டே கருவியில் அந்த மோடை நீதான் ஆன் செய்ய வேண்டும். அதில் 48 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே எடுபடும். டான்டே வழக்கமாக நேரம் பார்ப்பது, நெட்வொர்க்கில் கிளாக்கைப் பொருத்தும் பிடிபி முறையின் 2002-ம் ஆண்டுப் பதிப்பில். ஏஇஎஸ்67 பார்ப்பது 2008-ம் ஆண்டுப் பதிப்பில். இரண்டும் ஒன்றையொன்று அறியாது. அந்த மோடில் உள்ள டான்டே கருவிதான் நடுவில் நின்று பொருத்தும். ஒலி மல்டிகாஸ்ட்டாகப் போவதால், ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் சரியாக இல்லையென்றால் எல்லாப் போர்ட்டிலும் கொட்டும்.

அடுத்தது கெயின். மிருதங்க மைக்கின் பிரீஆம்ப் ஸ்டேஜ் பாக்ஸில் இருக்கிறது. இணைப்பைத் தாண்டி உன் மிக்சரின் கெயின் குமிழ் பெரும்பாலும் அதைத் தொடாது. மானிட்டர் போடுபவர் டான்டே பக்கம் இருந்தால், அவர் 6 டெசிபல் இறக்கும்போது அரங்கில் உன் மிருதங்கமும் 6 டெசிபல் இறங்கும். தனி ஆவர்த்தனத்தின் நடுவே இது நடந்தால் ரசிகர்கள் திரும்பிப் பார்ப்பது உன்னைத்தான். கெயினையும் ஃபாண்டம் பவரையும் ஒருவர் பொறுப்பில் விடுங்கள். சவுண்ட்செக் முடிந்தபின் தொடக்கூடாது. உன் தேவைக்கு டிஜிட்டல் ட்ரிம் போதும்.

கிளாக் யாருடையது, கெயின் யார் கையில் என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுவிடு. பதிலை ஒரு தாளில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டு. நீ டீ குடிக்கப் போன நேரத்தில் வேறொருவர் அதைப் பார்த்து வேலையைத் தொடர முடிந்தால், உன் இணைப்பு சரி.

அன்புடன்,
உன் மூத்த சவுண்ட்காரன்