ஆலைக் கழிவும் ஏரிப் பாசனமும்: எந்த அலுவலகம், எந்தப் பொறுப்பு?

வாய்க்காலில் நிறம் மாறிய நீர் வருகிறது. கிணற்று நீரில் வாடை அடிக்கிறது. யாரிடம் முறையிடுவது? அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து விவசாயிகள் விரிவாக்கப் பணியாளர்களிடம் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. பயிரில் பூச்சி என்றால் மருந்தையும் அளவையும் ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிடலாம். இதற்கு அப்படிச் சொல்ல இயலாது. ஆலை ஓர் இலாகாவின் கையில், ஏரி வேறோர் இலாகாவின் கையில், தெருச் சாக்கடை மூன்றாவது இடத்தில் இருக்கிறது. மூன்றையும் தொட்டு ஓடுவது தண்ணீர் மட்டுமே.

எது அபாயகரமான கழிவு?

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. பின்னர் திருமுல்லைவாயிலில் மகளிர் தொழிற்பேட்டையும், பூந்தமல்லிக்கு அப்பால் திருமழிசையில் ஒரு பேட்டையும் வந்தன. இத்தகைய பேட்டைகளில் பெரும்பாலும் இருப்பவை சிறு தொழில்களே: கடைசல் பட்டறை, முலாம் பூசும் பட்டறை, வண்ணம் பூசும் கூடம், வார்ப்படச் சாலை. முலாம் தொட்டியின் அடியில் தங்கும் கசடு, பயன்படுத்திய எந்திர எண்ணெய், பெயிண்ட் கசடு, பழைய அமிலம் ஆகியவற்றைச் சட்டம் அபாயகரமான கழிவு என்கிறது. இவற்றில் குரோமியம், நிக்கல், துத்தநாகம், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் இருக்கக்கூடும். வீட்டுச் சாக்கடை நாளடைவில் மட்கிப் போகும். கன உலோகம் மட்காது. மண்ணில் ஏறியது மண்ணிலேயே தங்கும்.

பயிரைப் பார்த்து இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். குரோமியமும் நிக்கலும் மிகும்போது இலை வெளுத்துப் பயிர் குன்றும்; அதை இரும்புச்சத்துக் குறை என்று எண்ணி அன்னபேதி தெளிப்பவர் உண்டு. காட்மியம் அதனினும் பொல்லாதது. பயிர் செழித்தே நிற்கும், விளைச்சலும் குறையாது. உண்பவர் உடலில்தான் அது சேரும். ஜப்பானில் ஜின்சூ ஆற்றுப் பாசனத்தில் சுரங்கக் கழிவு கலந்து, அங்கே விளைந்த அரிசியை உண்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் கண்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘இதாய் இதாய்’, அதாவது ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்பதாம். காட்மியமே காரணம் என்று ஜப்பானிய அரசு 1968-ல் ஒப்புக்கொண்டது.

வேலூர் காட்டிய பாடம்

அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. பாலாற்றங்கரையின் தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணக்கிட்டது. உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பில் அந்தக் கணக்கு இடம்பெற்றது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். பல ஆண்டுகள் அது மழையில் நனைந்து நிலத்தடி நீரில் இறங்கிக்கொண்டிருந்தது. வேலூர் வழக்கில் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடிக்குமாறு 2025 ஜனவரியில்கூட உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் அதற்கும் இடையே 28 ஆண்டுகள். நிலம் கெட்ட பின் இழப்பீடு வாங்குவதைவிடக் கெடுமுன் தடுப்பது எளிது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

யார் எதற்குப் பொறுப்பு?

போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989-ல் அபாயகரமான கழிவு விதிகளும் வந்தன. அவற்றின் திருத்திய வடிவம் 2016-ல் வெளியிடப்பட்டது. இதன்படி ஆலைக்கு அங்கீகாரம் அளிப்பதும் கண்காணிப்பதும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கவும் எரிக்கவும் பொது இடத்தைத் தெரிவு செய்வது மாநில அரசின் வேலை. நம் பக்கத்துக்கு அத்தகைய இடம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ளது. ஆலைக்காரர் கழிவை 90 நாட்களுக்கு மேல் தம்மிடம் வைத்திருக்கலாகாது. ஆண்டுக்கு 10 டன்னுக்கு உட்பட்ட சிறு ஆலைகளுக்கு 180 நாள் வரை சலுகை உண்டு. கழிவை ஏற்றிச் செல்லும் லாரியில் ஏழு நகல்கள் கொண்ட வழிச்சீட்டு முறைப்படி இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் ஏரி எங்கே, வாய்க்கால் எங்கே என்று கேட்கத் தோன்றும். 40 ஹெக்டேர் ஆயக்கட்டும் அதற்கு மேலும் உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். நகரத்துத் தெருச் சாக்கடை நகராட்சி அல்லது மாநகராட்சியிடம். சென்னைப் பகுதியில் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்திடம். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பக்கத்திலுள்ள திருமுல்லைவாயில் ஆவடியோடு நின்றது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியாயிற்று. தண்ணீருக்கு இந்த எல்லைக்கல் தெரியாது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, மாதவரம் இரட்டை ஏரி மூன்றிலும் கழிவு கலப்பது பற்றிய வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வந்தபோது, பதில் சொல்ல வேண்டியவர் ஒருவராக இல்லை; பல இலாகாக்களையும் கூப்பிட வேண்டியதாயிற்று.

மாநிலத்தின் திட்டம் ஆலை மதிலோடு நின்றுவிடுகிறது. உள்ளாட்சியின் திட்டமோ குப்பைத் தொட்டியிலிருந்து தொடங்குகிறது. இடையிலுள்ள வாய்க்காலும் வயலும் எவர் தாளிலும் ஏறுவதில்லை. என் அனுபவத்தில் அதிகாரிகளின் அலட்சியத்தைவிட இந்த இடைவெளியே விவசாயிக்கு அதிகக் கேடு செய்திருக்கிறது.

தாள்கள் சேரும் இடம்

இவற்றைச் சேர்த்து எழுத ஓர் ஏற்பாடு இருக்கிறது. பலர் அதை அறியார். ஒவ்வொரு மாவட்டமும் சுற்றுச்சூழல் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் ஆணையிட்டது. குப்பை, சாக்கடை, நீரின் தரம், ஆலைக் கழிவுநீர் ஆகியவற்றோடு அபாயகரமான கழிவும் அதில் ஒரு பகுதி. ஊராட்சிகளும் நகரங்களும் தரும் விவரமும் வாரியம் தரும் விவரமும் ஒரே புத்தகத்தில் ஏற வேண்டும் என்பதே நோக்கம். கூட்டிச் சேர்ப்பவர் மாவட்ட ஆட்சியர். இதன் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுச் செய்து கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உங்கள் ஊர் ஏரியின் பெயர் அதில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இல்லாவிட்டால், ஊராட்சியாயின் கிராம சபையில் தீர்மானமாக எழுதி வையுங்கள். பின் அந்தத் தீர்மானத்தோடு ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குச் செல்லுங்கள். பல இலாகா அதிகாரிகளும் ஒரே கூடத்தில் உட்காரும் இடம் அது. அங்கே ‘அது எங்கள் வேலை அல்ல’ என்று ஒருவர் சொன்னால், யாருடைய வேலையோ அவரும் அருகிலேயே இருப்பார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளரையும் அழைக்கும்படி மனுவிலேயே எழுதிவிடுதல் நலம்.

அளவோடு போக வேண்டும்

வெறும் புகாரைவிட அளவுள்ள தாளுக்கு மதிப்பு அதிகம். வழக்கமான மண் பரிசோதனையில் கார அமில நிலை, உப்பு, பேரூட்டம், நுண்ணூட்டம் மட்டுமே தெரியும். குரோமியம், காட்மியம், ஈயம் தெரியா. கன உலோகப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டு, அந்த வசதியுள்ள ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும்.

கிணற்று நீரானால் மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடிக்கவும். உலோகப் பரிசோதனைக்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அதில் அமிலம் விட்டுத் தந்திருந்தால் அலசக் கூடாது. வாய்க்காலில் கழிவு சேரும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மாதிரி எடுக்கவும். மேல் மாதிரி இல்லாவிட்டால் கழிவு எங்கிருந்து வந்தது என்பதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மண்ணை 10 முதல் 15 இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு எடுத்துக் கலந்து, கால்பங்கு முறையில் அரைக் கிலோவாகக் குறைக்கவும். மண்வெட்டி இரும்பு பட்ட மண்ணை மரக்குச்சியால் சீவி ஒதுக்கிவிட வேண்டும். தேதி, நேரம், சர்வே எண் எழுதி ஒட்டவும். கோடையில் ஒரு முறை, முதல் மழைக்குப் பின் ஒரு முறை எடுத்தால் போதும்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவு: உலக உணவு வேளாண்மை நிறுவனம் பாசன நீரில் லிட்டருக்கு குரோமியம் 0.1, நிக்கல் 0.2, காட்மியம் 0.01 மில்லிகிராமுக்கு மேற்படாதிருக்க வேண்டும் என்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் குரோமியத்தை 0.05-க்குள் வைத்திருக்கிறது. பாசனக் கிணற்றிலிருந்தே குடிக்கும் வீடுகள் இதைக் கவனிக்கவும்.

ஆலை வாயிலையும் பாருங்கள். எந்தக் கழிவு எவ்வளவு என்று ஆலைக்கு வெளியே பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2003 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பலகை இல்லை என்பதே ஒரு புகார்தான். இரவில் டேங்கர் லாரி ஏரியில் கொட்டினால் அருகில் போகாமல், வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்கும் வாரியத்துக்கும் தெரிவியுங்கள். இழப்பீடு கேட்டுப் பசுமைத் தீர்ப்பாயம் செல்ல 5 ஆண்டு கெடு உண்டு. ஆகவே தேதி முக்கியம்.

முடிவு வரும் வரை

சந்தேகமான நீரைக் கீரைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் பாய்ச்ச வேண்டாம். கீரைகள் காட்மியத்தை எளிதில் ஏற்றுக்கொள்ளும். அந்நிலத்தில் மல்லிகை, கனகாம்பரம் போன்ற பூப்பயிர்களை வைக்கலாம். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடுவது உலோகத்தை ஓரளவு கட்டிவைக்கும். புளிப்பு மண்ணானால் சுண்ணாம்பும் உதவும். இவை நிலத்தைச் சுத்தமாக்கிவிடும் என்று எண்ண வேண்டாம்.

‘நல்ல எரு, இலவசம்’ என்று லாரியில் கொண்டுவந்து இறக்கும் ஆலைக் கசடை வாங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கும் ரசாயன டிரம்களில் தண்ணீரோ தானியமோ வைக்காதீர்கள். நம் வரப்பில் கிடக்கும் பூச்சிமருந்து டப்பாக்களும் இதே இனம்தான். மூன்று முறை கழுவி அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவைத் துளையிட்டு ஒதுக்கவும்.

மாதிரி எடுக்கும் முறையிலும், அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்வதிலும் ஐயம் இருப்பின் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகவும். போகும்போது பட்டா நகலும், அறிக்கையின் அசலும் கையில் இருக்கட்டும்.