மெயில் கணக்கை அழிக்குமுன்

அலுவலக மெயில் சர்வரில் இடம் நிறைந்துவிட்டதா? எந்தக் கணக்கு தூங்குகிறது என்று ஊகித்து அழிக்காதீர்கள். டவ்காட் என்ற மெயில் சர்வர் மென்பொருள் ஓடும் சர்வர் என்றால் 'லாஸ்ட் லாகின்' பிளகின் இருக்கிறது. ஒவ்வொருவரும் கடைசியாக உள்ளே வந்த நேரத்தை அது குறித்துவைக்கும். பிளகினைப் போட்ட நாளிலிருந்துதான் பதிவு இருக்கும். பழைய கதை அதற்குத் தெரியாது.

அதை, மெயிலை எடுத்துப் படிக்கும் வழிகளான ஐமேப், பாப்3 இரண்டுக்கு மட்டும் இயக்குங்கள். எல்லாவற்றுக்கும் போட்டால், பெட்டியில் மெயில் வந்து விழுந்தாலே லாகின் என்று பதிவாகும். ஆறு மாதம் எட்டிப்பார்க்காதவரும் இன்று வந்தவர்போலத் தெரிவார்! நேரம் பத்து இலக்க எண்ணாக நிற்கும். 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகள் அவை. லினக்ஸின் 'டேட்' கட்டளை தேதியாக்கித் தரும்.

செல்போன் மேஜையில் சும்மா கிடந்தாலும் தானே லாகின் செய்யும். ஆகவே 'நேற்று வந்தார்' என்றால் மெயிலைப் படித்தார் என்று பொருளில்லை. மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டவரோ லாகின் செய்யாமலே பயன்படுத்திக்கொண்டிருப்பார். தேதி பழையதாக இருந்தாலும், பேக்கப் எடுத்துவிட்டு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே அழியுங்கள்.