கடைசி வரி எது?

அன்புள்ள தம்பிக்கு,

சர்வர் பராமரிப்பில் சேர்ந்திருக்கிறாய். கோளாறு என்று போன் வந்ததும் உன் கை லாக் ஃபைலைத்தான் தேடும், தேடவும் வேண்டும். ஆனால் திரையின் அடியில் தெரிகிற வரிதான் கடைசியாக எழுதப்பட்டது என்று எண்ணிவிடாதே. ஒவ்வொரு முறையும் உறுதி செய்துகொள். இது ஒன்றைத்தான் உனக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

லினக்ஸில் டெயில் கட்டளை, வேறெதுவும் சேர்க்காவிட்டால், கடைசி 10 வரிகளைக் காட்டும். சின்ன எஃப் சேர்த்தால் புது வரி வரவர ஓடிக்கொண்டே இருக்கும். பலரும் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் நள்ளிரவில்தான் வரும். லாக்ரொட்டேட் பழைய ஃபைலின் பெயரை மாற்றி ஒதுக்கிவிட்டு, அதே பெயரில் புதிதாக ஒன்றைத் தொடங்கும். சின்ன எஃப் பிடித்துக்கொண்டிருப்பது பெயரை அல்ல, முதலில் திறந்த ஃபைலை. வீடு மாறிப் போனவருக்காகப் பழைய வாசலில் காத்துக்கிடப்பது மாதிரி அது அங்கேயே நிற்கும். திரையில் அசைவிருக்காது, பிரச்சினை தீர்ந்தது என்று நீ நினைப்பாய். புது ஃபைலிலோ பிழைகள் கொட்டிக்கொண்டிருக்கும். பெரிய எஃப் போட்டுப் பழகு. அது பெயரைப் பின்தொடரும். ஃபைல் மாறினால் புதியதைத் திறந்துகொள்ளும்.

டெயிலோடு இரண்டு க்ரெப்பைக் கோத்தாலும் இதே ஏமாற்றம்தான். முதல் க்ரெப் வரிகளைச் சேர்த்துவைத்து மொத்தமாகத்தான் தள்ளும். லைன்-பஃபர்டு என்ற விருப்பத்தைச் சேர்த்தால் உடனுக்குடன் வரும்.

திரை சும்மா இருந்தால் சோதித்துப் பார். லாகர் கட்டளையால் நீயே ஒரு வரி எழுது. சிஸ்டம் லாகில் அது தெரிய வேண்டும். வெப் சர்வர் லாக் என்றால் அந்தப் பக்கத்தை நீயே ஒருமுறை திற. உன் வரி வரவில்லையென்றால் நீ பார்ப்பது தவறான இடம்.

இடமும் ஊருக்கு ஊர் மாறும். ரெட் ஹாட் குடும்பத்தில் மெசேஜஸ், டெபியன் குடும்பத்தில் சிஸ்லாக் என்று பழகியிருப்பாய். 2023-இல் வந்த டெபியன் 12-ஐப் புதிதாக நிறுவினால், ஆர்சிஸ்லாகை நீயாகச் சேர்க்காதவரை, சிஸ்லாக் ஃபைலே இருக்காது. ஜர்னல் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்தான் கதி. அதை வெறுமனே அடித்தால் மிகப் பழைய பதிவிலிருந்து தொடங்கும். மைனஸ் இ போட்டால் கடைசிக்குப் போகலாம், மைனஸ் எஃப் போட்டால் தொடர்ந்து பார்க்கலாம். மேக்கில் 2016-இல் வந்த சியாரா முதல் லாக் ஸ்ட்ரீம், லாக் ஷோ கட்டளைகள்.

விண்டோஸில் வரிசையே தலைகீழ்: ஈவென்ட் வியூவரில் புதியது மேலே இருக்கும். பவர்ஷெல்லின் கெட்-வின்ஈவென்ட்டும் அப்படியே. ஆனால் வெவ்ட்யூட்டில் கட்டளை பழையதையே முதலில் தரும். ஆர்டி ட்ரூ என்று சொன்னால்தான் திரும்பும். சாதாரண டெக்ஸ்ட் லாகுக்கு கெட்-கன்டென்ட் கட்டளையோடு டெயில், வெயிட் இரண்டையும் சேர். எங்கே பார்த்தாலும் நேரத்தைக் கவனி. சர்வர் யூடிசியில் ஓடினால் உன் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும்.

இன்றைக்கே ஒரு வேலை செய். உன் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு லினக்ஸ் சர்வரிலும் வார் லாக் டைரக்டரிக்குள் ஜர்னல் என்ற டைரக்டரி இருக்கிறதா என்று பார். இயல்பான அமைப்பில் அது இல்லையென்றால் ஜர்னல் பதிவுகள் நினைவகத்தில்தான் இருக்கும். ரீபூட் ஆனதும் போய்விடும். சர்வர் ஏன் விழுந்தது என்று பார்க்க முந்தைய பூட்டின் பதிவுதான் உனக்கு வேண்டும். இல்லாத இடத்தில் அந்த டைரக்டரியை உருவாக்கிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்