நமது முதல் டிஜிட்டல் காமிரா

தந்தையுடன் காமிரா வாங்கச் செல்கிறோம் என வைத்துக்கொள்வோம். கடைக்காரர் முதலில் கூறுவது மெகாபிக்சல் கணக்கையே. ஒரு மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் புள்ளிகள். 10 அங்குலத்துக்கு 8 அங்குலப் படத்தை, அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் தெளிவாக அச்சிட 3000 × 2400, அதாவது 72 இலட்சம் புள்ளிகளே போதும். அதற்கு மேல் தந்தையின் பணத்தைக் கொட்டுவானேன்?

நாம் கேட்க வேண்டியது ஒளியை வாங்கும் சென்சாரின் அளவை. 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் பரப்பு 36 × 24 மி.மீ. சிறிய காமிராக்கள் பலவற்றிலோ சென்சார் நம் சுண்டுவிரல் நகத்தளவே! அதற்குள் புள்ளிகளை நெருக்கினால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி குறையும். மாலை வேளையில் ஆலயத்தினுள் எடுத்த படம் மணல் தூவியதுபோல் இருக்கும். டிஜிட்டல் ஜூம் என்பதோ படத்தை வெட்டிப் பெரிதாக்குவதே. லென்ஸின் ஜூமை மட்டும் கணக்கில் கொள்வோம்.

வாங்கியபின், பொத்தானைப் பாதி அழுத்தி நிறுத்திப் பழகுவோம். அப்போதுதான் காமிரா தூரத்தையும் ஒளியையும் சரிசெய்துகொள்கிறது. சன்னலுக்கு முதுகு காட்டி நிற்கும் பாட்டியின் முகம் கறுத்துவிடும். சன்னலை நோக்கித் திருப்பி நிறுத்தினால் பகலில் ஃபிளாஷே வேண்டாம். ஷட்டர் வேகமும் லென்ஸ் துவார அளவும் படத்தோடு தாமே பதிவாகின்றன. கெட்டுப்போன படத்தை அழிக்குமுன் அவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்வோம்.