கல்லா, பூவா?

கேள்வி: எங்கள் கோயிலில் மறைந்தவர்கள் நினைவாகத் தோட்டம் அமைக்கிறோம். ஆளுக்கொரு பெயர்க்கல் வைக்கலாமா?
– வாசகர், ஹடப்சர், புணே

பதில்: கல் வேண்டாம், நந்தவனமாகவே அமையுங்கள். உங்களுக்குப் பக்கத்து வானவடியில், 1794-இல் மறைந்த மராட்டியத் தளபதி மகாதஜி ஷிண்டேயின் நினைவிடம் சிவன் கோயிலோடு சேர்ந்தே நிற்கிறது. வழிபாட்டோடு இணைந்த நினைவுக்குத்தான் ஆயுள் அதிகம். இனி செடிகள்: புணேயில் மழை பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். ஆகவே வெயில் தாங்கும் வில்வம், அரளி நடுங்கள். பவழமல்லியும் அவசியம்: விடியலில் வெள்ளை இதழும் செம்மஞ்சள் காம்புமாக உதிர்ந்து கிடக்கும், தரையில் விழுந்தாலும் பூஜைக்கு ஆகும் பூ அது. அரசும் ஆலும் மட்டும் மதிலருகே கூடாது, வேர் சுவரைப் பிளந்துவிடும். ‘பெயரில்லாமல் என்ன நினைவு?’ என்று குடும்பத்தார் கேட்பது நியாயமே. ஆனால் கற்கள் பெருகினால் செடிக்கு மண் மிஞ்சாது. பெயர்களை ஏட்டில் எழுதுங்கள். திதியன்று அந்தப் பெயரைச் சொல்லி, தோட்டத்துப் பூவால் அர்ச்சனை செய்யுங்கள்.