கண்டதும் கேட்டதும்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, மாந்தோப்புகளையும் இலவ மரங்களையும் கடந்து, முந்தல் என்னும் சிற்றூருக்கு அப்பால் மலைமேல் ஏறத் தொடங்குகிறது. கொண்டையூசிபோல் வளைந்து வளைந்து ஏறும் அச்சாலையின் உச்சியில் அமைந்திருப்பது போடிமெட்டு. கீழே வெயில் காயும் சமவெளி; மேலே மூடுபனி தவழும் சோலை. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. எல்லைக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை முதலிய இடங்களில் ஏலத்தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. விடியற்காலையில் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து தோட்டங்களுக்குச் செல்லும் தமிழ்த் தொழிலாளர் பலர், மாலையில் வீடு திரும்புவர். தோட்டத்திலேயே குடியிருப்போரும் உளர். அம்மலைகளில் விளையும் ஏலக்காய் கீழிறங்கி வந்து போடிநாயக்கனூர்ச் சந்தையில் விலைபோகிறது. மலையின் விளைவும் சமவெளியின் உழைப்பும் ஒன்றையொன்று நம்பியே வாழ்கின்றன.

இந்த நம்பிக்கை 2011ஆம் ஆண்டின் இறுதியில் ஆட்டங்கண்டது. முல்லைப் பெரியாற்று அணையே அதற்குக் காரணம் என்பர். அணை ஒரு காரணமே. அணையைப் பற்றிப் பரவிய பேச்சு மற்றொரு காரணம்.

அவ்வணையைப் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் கட்டினார். 1895ஆம் ஆண்டில் அது பயன்பாட்டிற்கு வந்தது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரின் ஒரு பகுதி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி வைகையோடு சேர்ந்தது. இன்று தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்கள் அந்நீரால் பயன் பெறுகின்றன. அணை நிற்கும் இடம் கேரளம். அதன் நீரைப் பெறுவதும் அணையைப் பேணுவதும் தமிழ்நாடு. 1886ஆம் ஆண்டில் செய்யப்பட்ட 999 ஆண்டுக் குத்தகையே இதற்கு அடிப்படை.

1979ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் குஜராத்தில் மச்சு என்னும் ஆற்றின் அணை உடைந்தது. மோர்வி நகரம் பேரழிவுக்கு உள்ளாயிற்று. அச்செய்தி கேட்ட கேரள மக்கள், பழமையான பெரியாற்று அணையை எண்ணிக் கலங்கினர். நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையை வலுப்படுத்தும் வேலைகளும் நடைபெற்றன. 2006ஆம் ஆண்டில் நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளம் அதனைத் தடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றவே, வழக்கு மீண்டும் தொடர்ந்தது.

இந்நிலையில் 2011ஆம் ஆண்டில் இடுக்கி மாவட்டத்தில் சிறு நில அதிர்ச்சிகள் உணரப்பட்டன. நவம்பர் மாதத்தில் அணை உடைவதைக் காட்டும் திரைப்படம் ஒன்று வெளிவந்தது. தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது. பதற்றம் வளர்ந்தது. மேற்கே வெளிவந்த செய்திகளில் அணை இன்றோ நாளையோ உடையும் என்னும் அச்சமே மிகுந்திருந்தது. கிழக்கே வெளிவந்த செய்திகளில் தண்ணீரைப் பறிக்கும் சூழ்ச்சி என்னும் சினமே மிகுந்திருந்தது. மேற்கே உள்ளவர் மலையாளச் செய்தியையே படித்தனர். கிழக்கே உள்ளவர் தமிழ்ச் செய்தியையே படித்தனர். மலைப் பள்ளத்தாக்கில் நின்று ஒருவன் கூவினால், அவன் குரலே பாறைகளில் மோதிப் பலமுறை திரும்பி வரும். அதனைக் கேட்டு, ‘நான் சொல்வதையே பலரும் சொல்கின்றனர்’ என்று அவன் மகிழ்ந்தால், அஃது அறியாமை அன்றோ? எதிரொலி பத்து முறை கேட்டாலும் குரல் ஒன்றே.

அச்சமும் சினமும் முற்றிய டிசம்பர் மாதத்தில் எல்லைச் சாலைகள் அடைபட்டன. தமிழ்நாட்டில் கேரளத்தவரின் கடைகளும் வண்டிகளும் தாக்கப்பட்டன. கேரளத்தில் தமிழர் சிலர் தாக்குண்டனர். இவை மெய்யாக நிகழ்ந்தவை. ஆனால் மெய்யான ஒரு செய்தியைச் சுற்றிப் பல பொய்கள் எளிதில் படர்ந்துவிடுகின்றன. ‘அடித்தனர்’ என்று புறப்பட்ட சொல், அடுத்த தோட்டத்தை அடையும்போது ‘வெட்டினர்’ என்றாகும். அதற்கடுத்த தோட்டத்தில் ‘கொன்றனர்’ என்றாகும். ஏலத்தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் பலர், மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் காட்டுப் பாதைகளில் கால்நடையாக இறங்கித் தேவாரத்தையும் போடியையும் வந்தடைந்தனர். அவர்களுள் தாக்குண்டு வந்தவரும் உண்டு. தாக்குண்டவரைக் கண்டு வந்தவரும் உண்டு. கேட்ட செய்திக்கு அஞ்சி வந்தவரும் உண்டு. மூவர் பட்ட துன்பமும் ஒன்றே. எனினும் மூவர் சொல்லும் ஒரே வகைச் சான்று ஆகாது.

அச்சம் மெய்யாக இருக்கலாம். அச்சத்திற்குக் கூறப்படும் காரணமும் மெய்யாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அணைக்குக் கீழே வாழும் கேரளத் தாய் தன் குழந்தைகளுக்காக அஞ்சியது நடிப்பன்று. நீரின்றி வயல் காயுமே என்று கம்பத்து உழவர் வருந்தியதும் நடிப்பன்று. ஆயினும், அணை வலிமையானதா என்னும் வினாவிற்கு அவ்வச்சமும் விடையாகாது, அவ்வருத்தமும் விடையாகாது. இரு சொல்லையும் கூட்டிப் பாதியாக்கினாலும் மெய் கிடைத்துவிடாது. சுவரின் வலிமையைச் சுவரையே சோதித்துத்தான் அறிதல் வேண்டும்.

அவ்வாறே செய்யப்பட்டது. 2010ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், தன் முன்னாள் தலைமை நீதிபதி ஆனந்த் தலைமையில் ஐவர் குழு ஒன்றை அமைத்தது. அதில் இரு மாநிலங்களின் சார்பிலும் ஒவ்வொருவர் இடம்பெற்றனர். மற்ற இருவர் தொழில்நுட்ப வல்லுநர்கள். வெள்ளம், கட்டுமானம், நிலநடுக்கம் ஆகிய மூன்று நோக்கிலும் அணை ஆராயப்பட்டது. அணை பாதுகாப்பாகவே உள்ளது என்று 2012ஆம் ஆண்டில் குழு அறிக்கை அளித்தது. இரு தரப்பு வாதங்களையும் கேட்ட ஐந்து நீதிபதிகள், 2014ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள், நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் எனத் தீர்ப்புரைத்தனர். அணையைக் கண்காணிக்கும் குழு ஒன்றையும் ஏற்படுத்தினர். இன்று வலிமையானது என்றும் வலிமையாகவே இருக்கும் என்று அவர்கள் கருதவில்லை. மெய்யை அறிவது ஒரு நாள் வேலையன்று; அணையைக் காப்பதுபோல் அதனையும் இடையறாது காத்தல் வேண்டும்.

தன் பக்கத்தாருக்கு இனிக்காத மெய்யை உரைப்பதற்குத் துணிவும் தேவை. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் அணை உடையப்போகிறது என்னும் பேச்சு கைப்பேசிகளின் வழியே மீண்டும் பரவியது. அப்போது கேரள முதலமைச்சர் பினராயி விஜயன், அவ்வாறு அஞ்சவேண்டிய நிலை இல்லையென்றும், பொய்ச்செய்தி பரப்புவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

வதந்திக்கு மொழியும் இல்லை, எல்லையும் இல்லை. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பீகாரிலிருந்து வந்து தமிழ்நாட்டில் உழைக்கும் தொழிலாளர் கொல்லப்படுவதாகச் சில காட்சிகள் கைப்பேசிகளில் பரவின. அவை வேறு இடங்களில், வேறு காரணங்களால் நிகழ்ந்தவற்றின் படங்கள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதற்குள் அஞ்சி ஊர் திரும்பியோர் பலர். அன்று மலையிலிருந்து இறங்கிய தமிழரின் நிலையே இன்று தமிழ்நாட்டிற்கு வந்த பீகார்த் தொழிலாளருக்கும் நேர்ந்தது. முன்பு செய்தி பரவ ஒரு பகற்பொழுது வேண்டும். இன்று ஒரு விரல் அசைவு போதும்.

ஆதலின் ஒரு செய்தி வரும்போது அறிவுடையோர் சில வினாக்களை எழுப்புவர். இதனை நேரிற் கண்டவர் யார்? நிகழ்ந்த இடம் எது? நாள் எது? பலர் கூறினும் அவர்கள் அனைவரும் ஒருவரிடமிருந்தே கேட்டனரோ? மறுபக்கத்தார் கூறுவது யாது? இச்செய்தி தம் உள்ளத்திற்கு இனிக்கிறதா? அல்லது தம் சினத்தைத் தூண்டுகிறதா? அவ்வாறாயின் அதனை இருமடங்கு ஆராய்வர். விடை கிடைக்கும்வரை அதனைப் பிறர்க்கு அனுப்பார். தாம் சொன்னது தவறெனத் தெரிந்தால், சொன்ன இடத்திலேயே திருத்திச் சொல்வர். யார் வாயிலிருந்து வந்தாலும் சொல்லின் உண்மையை ஆராயவேண்டும் என்று திருவள்ளுவரும் அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் வற்புறுத்துகிறார்.

ஆராயாமையின் விளைவைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பாண்டிய மன்னன் கொடியவன் அல்லன். எனினும் பொற்கொல்லன் ஒருவன் சொல்லை மட்டும் கேட்டான். கோவலன் சொல்லைக் கேட்டானில்லை. அரசியின் சிலம்பினுள் இருந்தவை முத்துப் பரல்கள். கண்ணகியின் சிலம்பினுள் இருந்தவை மாணிக்கப் பரல்கள். ஒரு சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். அந்த எளிய சோதனை, கோவலன் உயிர் போன பின்னரே நடந்தது. மன்னன் தன் உயிரையே ஈந்தும் அவ்வுயிரை மீட்க இயலவில்லை.

மதுரையை விட்டு நீங்கிய கண்ணகி சென்றடைந்ததாக மக்கள் கருதும் மலை, கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் எல்லையிலேயே உள்ளது. அங்குள்ள மங்கலதேவி கோயிலுக்குச் சித்திரை முழுநிலா நாளில் இரு மாநில மக்களும் ஏறிச் செல்கின்றனர். தமிழர் கிழக்கேயிருந்தும் மலையாளிகள் மேற்கேயிருந்தும் வந்து ஒரே வாயிலில் நிற்கின்றனர். ஆராயாத ஒரு சொல்லால் கணவனை இழந்தவள் அங்கு வணங்கப்படுகிறாள். ஆராய்ந்த சொல்லையே பேசுவோம் என உறுதி கொள்வதற்கு அதனினும் சிறந்த இடம் எது?

பயிற்சி

1. ‘எதிரொலி பத்து முறை கேட்டாலும் குரல் ஒன்றே’ — இதனை விளக்குக.

2. காட்டுப் பாதையில் இறங்கி வந்த மூவகைத் தொழிலாளரின் சொற்கள் ஒரே வகைச் சான்று ஆகாமைக்குக் காரணம் யாது?

3. அணையின் வலிமை எம்முறையில் ஆராயப்பட்டது?

4. உங்கள் ஊரில் பரவிய வதந்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் உண்மையை எவ்வாறு ஆராய்ந்து அறியலாம் என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.