மோட்டார் சைக்கிளுக்கு ஏற்ற மேற்பூச்சு எது?

தோட்டத் தொழிலாளர் பலருக்கு மோட்டார் சைக்கிள் இன்றியமையாத ஊர்தியாகும். பால்மரக் காட்டுக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அதுவே உதவுகிறது. ஆயினும் மழை, சேறு, உரத்தூள், ரப்பர் பாலை உறையவைக்கும் அமிலம் ஆகிய அனைத்தும் அதன் இரும்பைத் தாக்குகின்றன.

இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் சேரும்போது துரு உண்டாகிறது. இரும்பை மற்ற இரண்டும் அணுகாமல் தடுப்பதே மேற்பூச்சின் பணி. எல்லா உறுப்புகளுக்கும் ஒரே பூச்சு பொருந்தாது.

வண்டியின் சட்டத்திற்குத் துருத்தடுப்பு அடிச்சாயமும் அதன்மேல் மேற்சாயமும் ஏற்றவை. சூளையில் ஏறத்தாழ 180 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்கிப் படியவைக்கப்படும் பொடிச்சாயம் மிகவும் உறுதியானது. ஆனால் கல் பட்டு அது பெயர்ந்தால், நீர் உள்ளே புகுந்து துரு மறைவாகப் பரவும். சாதாரணச் சாயம் பெயர்ந்தால் வீட்டிலேயே சீர்செய்து கொள்ளலாம். செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கு இது பெரும் வசதியாகும்.

திருகாணிகளுக்குத் துத்தநாக முலாம் நன்று. அதில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். எனினும் அமிலம் துத்தநாகத்தைக் கரைத்துவிடும். அமிலம் சிந்தினால் உடனே நீர்விட்டுக் கழுவுதல் வேண்டும்.

கைப்பிடித் தண்டில் மின்னும் குரோமியப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அதன் அடியிலுள்ள நிக்கல் படலமே இரும்பைக் காக்கிறது. எனவே மணலிட்டுத் தேய்த்தல் கூடாது. கழுவித் துடைத்து மெழுகு பூசினால் போதும்.

புகைக்குழாய்க்குச் சாதாரணச் சாயம் பூசினால் கருகி உதிரும். வெப்பம் தாங்கும் சாயமே அதற்கு உரியது. சங்கிலிக்கு எண்ணெய் இடுக. பிரேக் உராயும் பகுதிகளில் மட்டும் சாயமோ எண்ணெயோ படவே கூடாது. பட்டால் வண்டி உரிய நேரத்தில் நிற்காது.

எந்தச் சாயமாயினும் துருவின்மேல் பூசினால் நிலைக்காது. கம்பித் தூரிகையாலும் மணல்தாளாலும் துருவை முற்றும் நீக்கி, எண்ணெய்ப் பசையைத் தின்னரால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் அன்றே அடிச்சாயம் பூசுக. தடிப்பாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக இருமுறை பூசுவது மேல்.

பூசுமுன் சட்டத்தின் பற்றவைப்புகளையும், பாரம் தாங்கும் இணைப்புகளையும் தட்டிப் பார்த்தல் மிக அவசியம். ஓட்டையோ வெடிப்போ தெரிந்தால் தேர்ந்த பட்டறையில் காட்டுக. அரித்த இரும்பைச் சாயம் மறைக்குமேயன்றி வலுவாக்காது. பாரத்துடன் மேட்டுச் சாலையில் இறங்கும்போது சட்டம் முறிந்தால் உயிருக்கே ஆபத்து நேரும்.

பளபளப்பு வேறு, பலம் வேறு. பலத்தை முதலில் உறுதி செய்துகொண்டு, பின்னரே பூச்சைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமையாகும்.